கூட நின்றவனுக்குத்தான் தெரியும்

நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரணியில் உட்கார்ந்து என் ஒவ்வொரு வார்த்தையையும் குறித்துக்கொண்டிருக்கும் அன்புச் சகோதரி அவர்களே! சாரலில் நனைந்தபடி வந்து அமர்ந்திருக்கும் தென்காசி, குற்றாலத்துப் பெருமக்களே!

"பட்டாளத்துக்காரன் தன் நினைவுகளை மனம் திறந்து சொல்வது குடும்பத்திடமா? கூட இருந்த தோழனிடமா?" இதுதான் தலைப்பு. சகோதரி அழகாகப் பேசினார்கள். "கட்டின மனைவிகிட்ட சொல்லாததை எவன்கிட்ட சொல்லப் போறான்?"னு கேட்டாங்க. நீங்களும் கை தட்டினீங்க. தட்டினவங்க பூரா பெண்கள்! (சிரிப்பு)

அய்யா, நான் 1983-ல் பட்டாளத்தில் சேர்ந்தவன். மதராஸ் ரெஜிமெண்ட். வெலிங்டனில் பயிற்சி. நீலகிரிக் குளிரில் விடியற்காலம் ஓடவிட்டு, "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு"ன்னு கத்தச் சொல்லுவாங்க. குளிருக்குப் பல் தந்தியடிக்கும். அடியும் வராது, கொல்லும் வராது. (சிரிப்பு) 17 வருஷம் கழிச்சு வெளியே வந்து வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன்.

லீவுல வருவேன். திருநெல்வேலியில் இறங்கி மீட்டர் கேஜ் பாசஞ்சரைப் பிடிச்சு, கறுப்பு டிரங்குப் பெட்டியோட தென்காசி ஸ்டேஷன்ல இறங்கினா, சொந்தக்காரங்க பாதிப்பேர் நிப்பாங்க. என்னைப் பார்க்கவா? பெட்டிக்குள்ள இருக்கிற கேண்டீன் ரம்மைப் பார்க்க! (பலத்த சிரிப்பு) "என்ன மாப்ளே, சண்டை எப்படி?"ன்னு கேட்பாரு ஒரு மாமா. நான் வாயைத் திறக்குமுன்னே அவரே சொல்லி முடிச்சிருவாரு.

லெட்டர் எழுதுனியான்னு சகோதரி கேட்டாங்க. எழுதினேன். என் விலாசம் 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' நான் எங்க இருக்கேன்னு எங்க ஊர் தபால்காரருக்கும் தெரியாது. உள்ளே என்ன எழுதுவேன்? "நலம், நலமறிய ஆவல்." அடுத்த வரி, "மாடு கன்னு போட்டதா?" மனசைத் திறந்த லட்சணம் அவ்வளவுதான்!

இப்ப விஷயத்துக்கு வாரேன். 1987 ஜூலை 29-ல் இந்திய இலங்கை ஒப்பந்தம். அமைதிப்படைன்னு பேர் வச்சு அனுப்பினாங்க. அக்டோபர்ல அந்த அமைதி சண்டையாச்சு. 1990 மார்ச்சில் படை முழுவதும் திரும்பி வந்தபோது ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. அந்தக் கப்பல் சென்னைக்கு வந்தப்போ வரவேற்பு பற்றி எவ்வளவு சர்ச்சை நடந்ததுன்னு இங்கே இருக்கிற பெரியவங்களுக்கு நினைவிருக்கும். அது இன்றைய தலைப்பு இல்லை, விட்டுடறேன்.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அந்த மண்ணில்தான், 1987 நவம்பர் 25-ல், நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் சுட்டவனின் துப்பாக்கியைப் பறித்துப் போரிட்டு உயிர் விட்டார். பரம்வீர் சக்ரா கொடுத்தாங்க. அந்தக் கதையை யாரும் யாரிடமும் சொல்லலாம், சொன்னால் பெருமை. சொல்ல முடியாத கதை இருக்கே, அதைத்தான் கேட்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு ஒழுங்கை. ஒழுங்கைன்னா நம்ம ஊர் சந்து. வீடு வீடாகச் சோதனை. எனக்குத் தமிழ் தெரியும்கிறதால எப்பவும் முன்னால நிறுத்துவாங்க. பனை ஓலை வேலிப் பக்கம் ஒரு வயசான அம்மா. என்னை ஏற இறங்கப் பார்த்து, "தம்பி, நீர் தமிழோ? எந்த ஊர்?"னு கேட்டாங்க. தென்காசின்னேன். "குற்றாலத்துக்குக் கிட்டவோ? நாங்கள் ஒருக்கா வந்தனாங்கள்"னு சொல்லி ஒரு நிமிஷம் முகம் மலர்ந்தது. அடுத்து கேட்டாங்க, "பிறகேன் தம்பி நீயும் துவக்கோட வந்து நிக்கிறாய்?"

(அரங்கில் அமைதி)

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள்னு இந்தியில் கேட்டார். "தண்ணி கேட்கிறாங்க, சாப்"னேன். அவர் நல்ல மனுஷன். தன் தண்ணி பாட்டிலையே எடுத்து நீட்டினார். அந்த அம்மா வாங்கி, குடிக்காமல் திண்ணையில் வச்சிட்டு உள்ளே போயிட்டாங்க.

1988-ல் லீவு. எங்க அம்மா சோறு போட்டுக்கிட்டே கேட்கா, "ஏல, அங்கேயும் நம்ம தமிழ்தான பேசுதாவ? பெறகு உனக்கென்ன பயம்?" இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல, அய்யா? சோத்தைப் பிசைஞ்சேன்.

2001-ல் சீசன் நேரம். என்கூட அந்த ஒழுங்கையில் நின்னவன், புனலூர்க்காரன், ஆரியங்காவு தாண்டி குளிக்க வந்திருந்தான். பார்டர்ல புரோட்டா தின்னோம். பழைய ஆட்களைப் பற்றி, யாருக்குக் கல்யாணம், யாருக்கு சுகர்னு பேசினோம். பேரருவிக்குப் போற வழியில் எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும்போது திடீர்னு கேட்டான்: "எடா, அந்த அம்மச்சி தண்ணி கேட்டதாச் சொன்னியே, கொடுத்தப்ப ஏன் குடிக்கலை?"

14 வருஷம், நடுவர் அவர்களே! 14 வருஷமா அவன் அதை வச்சிருந்திருக்கான். அங்கே நின்னு பார்த்தவனுக்குத்தான் அந்தக் கேள்வி வரும். வீட்டுல உள்ளவங்க பாசமாகக் கேட்பாங்க, ஆனா எதைக் கேட்கணும்னு அவங்களுக்குத் தெரியாதே! சொன்னேன். முதல் தடவையாச் சொன்னேன். அவன் ஆறுதல் ஒண்ணும் சொல்லலை. "வா, குளிக்கலாம்"னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான். பொங்குமாங்கடல்ல விழுந்து தெறிச்சு வர்ற தண்ணிக்கு அடியில, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் நின்னோம். அந்த இரைச்சல்ல யார் அழுதா யாருக்குக் கேட்கும்?

சகோதரி இப்ப எழுந்து மடக்குவாங்க. "இத்தனை பேர் முன்னால சொல்லிட்டீங்க, வீட்டுல சொன்னா என்ன?"ன்னு. நியாயமான கேள்விதான். மூணாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டி உட்கார்ந்திருக்கிறது என் மனைவி. அவங்களும் இதை இன்னைக்குத்தான் கேட்கிறாங்க.

(கைதட்டல்)

கேமராவை அந்தப் பக்கம் திருப்பாதீங்க, தம்பி. வீட்டுக்குப் போய் நான் பதில் சொல்லணும்.

மணி அடிச்சிட்டீங்க, அய்யா. இன்னும் ரெண்டு பாயிண்ட் எழுதி வச்சிருந்தேன். போகட்டும்.