எஞ்சின் ஹெட்: இரும்பா, அலுமினியமா?



பயிர் சாகுபடி பற்றிப் பேச வேண்டியவன் எஞ்சினைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. நெல் பூக்கும் நேரத்திலும், நிலக்கடலை விழுது இறங்கும் நேரத்திலும் தண்ணீர் தவறினால், பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் அந்த இழப்பு முழுவதும் ஈடாகாது.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. கடலைக்கு நீர் பாய்ந்துகொண்டிருந்தபோது ஆயில் எஞ்சின் சூடேறி நின்றது. அவசரத்தில் நானே ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரை ஹெட்டின் மேல் ஊற்றினேன். ஹெட் வெடித்தது. வேறு ஹெட் வந்து எஞ்சின் ஓடுவதற்குள் பத்து நாட்கள் ஆயின. மண் இறுகி, விழுது இறங்கவில்லை. அந்தப் போகத்தில் செடிதான் மிஞ்சியது.

“இரும்பு வெடிக்கிறதே, அலுமினிய ஹெட் போட்டால் என்ன?” என்று அப்போது நானும் கேட்டேன். இன்று நீங்களும் கேட்கிறீர்கள். இரண்டின் குணத்தையும் தெரிந்துகொண்டால் விடை கிடைக்கும்.

வார்ப்பிரும்பு, தண்ணீரைப் போல் ஏறத்தாழ 7 மடங்கு கனமானது. அலுமினியம் 2.7 மடங்குதான். வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியக் கலவை வார்ப்பிரும்பைவிட இரண்டு, மூன்று மடங்கு மேல். இவை அதன் நல்ல குணங்கள். ஆனால் சூட்டில் அது இரும்பைப் போல் இரு மடங்கு விரியும். தண்ணீரில்லாமல் ஓடினால் கோணிக்கொள்ளும், கேஸ்கட் போய்விடும். மரைகள் எளிதில் தேய்ந்துபோகும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் அதை அரிக்கும். வார்ப்பிரும்போ கனமும் உறுதியும் உள்ளது. திடீர்க் குளிர்ச்சியைத்தான் அது தாங்காது.

கிணற்று மேட்டில் நிலையாக நிற்கும், தண்ணீரால் குளிரும் டீசல் எஞ்சினுக்குக் கனம் ஒரு குறையல்ல. பம்பிலிருந்து பிரியும் தண்ணீரே பெரும்பாலும் அதைக் குளிர்விக்கிறது. அங்கே வார்ப்பிரும்பு ஹெட்டே ஏற்றது. கையில் தூக்கிச் செல்லும் பெட்ரோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களிலும், விசைத் தெளிப்பான்களிலும் காற்றுதான் குளிர்விக்கிறது. அங்கே அலுமினியம் பொருந்தும். அதன் செதில்களில் எண்ணெயும் புழுதியும் சேரவிடாதீர்கள்.

பொதுவாகச் சொன்னால், எஞ்சின் எந்த உலோக ஹெட்டுடன் வந்ததோ அதையே போடுங்கள். உலோகத்தை மாற்றினால் வால்வு இடைவெளியும் நட்டு முடுக்கும் அளவும் மாறும். அலுமினிய ஹெட் வாங்கும்போது, வால்வு உட்காரும் இடத்தில் கடினமான உலோக வளையம் இறுக்கமாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஹெட்டையே சீர் செய்வதானால், முதலில் நேர்ச்சட்டம் வைத்துக் கோணலைப் பாருங்கள். சிறிய கோணலைப் பட்டறையில் சீவி எடுக்கலாம். அளவுக்கு மீறிச் சீவினால் டீசல் எஞ்சினில் வால்வு பிஸ்டனில் இடிக்கும். வால்வுகளுக்கு நடுவே வெடித்த இரும்பு ஹெட்டைச் சாதாரணமாகப் பற்றவைத்தால் மீண்டும் வெடிக்கவே வாய்ப்பு அதிகம். அலுமினியப் பாகங்களைக் காஸ்டிக் சோடாவில் கழுவவே கூடாது, கரைந்துவிடும்.

ஹெட்டை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கழற்றுங்கள். பூட்டும்போது நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். கைப்பலத்தை நம்பாமல், எஞ்சின் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முடுக்குவது நல்லது.

எந்த ஹெட் போட்டாலும், தண்ணீர் வழியில் உப்புப் படிந்தால் சூடேறும். பருவத்துக்கு முன்பே அதைச் சுத்தம் செய்துவிடுங்கள். சூடேறி நின்ற எஞ்சினை, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்ட பிறகே தண்ணீர் காட்டுங்கள். அரை நாள் பொறுத்திருந்தால் எங்கள் கடலை பிழைத்திருக்கும்.

ஆகவே, விதைப்புக்கு முன்பே எஞ்சினையும் ஒரு முறை திறந்து பாருங்கள். பயிர் கேட்கும் நாளில் தண்ணீர் தருவதே நல்ல எஞ்சின்.