எங்கிருந்து அளந்த உயரம்?



தோட்டத்துக்கு மேலே விமானம் பறந்தால் பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பார்கள். அதை ஓட்டுபவருக்கு வழிகாட்ட ஒரு படம் உண்டு. அதற்கு வான்வழிப் படம் என்று பெயர். தாளில் இருந்தாலும் மின்திரையில் இருந்தாலும், அதன் குறிகளைப் படிக்கத் தெரிந்தவருக்கே அது உதவும்.

அமெரிக்காவில் விமானம் ஓட்டப் பழகும் மாணவர்கள் பயன்படுத்தும் படத்தைப் பார்ப்போம். அதில் ஓர் அங்குலம் என்பது நிலத்தில் ஏறக்குறைய 8 மைல். விமான நிலையக் குறி நீல நிறத்தில் இருந்தால், அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் உண்டு. ஊதாச் சிவப்பாக இருந்தால் இல்லை. குறியின் உச்சியில் நட்சத்திரம் இருந்தால், இரவில் அங்கே சுழல்விளக்கு எரியும்.

இனி, உயிரைக் காக்கும் குறி ஒன்றைச் சொல்கிறேன். கூடாரம் போன்ற கூரிய குறி. அதன் அடியில் ஒரு புள்ளி. அங்கே உயரமான கோபுரம் நிற்கிறது என்று பொருள். பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். மேலே 1,500, கீழே அடைப்புக்குறிக்குள் 900 என்று வைத்துக்கொள்வோம். ஒரே கோபுரத்துக்கு ஏன் இரண்டு உயரம்?

கேமரன் மலையில் 5,000 அடி உயரத்தில் நிற்கும் ஒரு மரத்தை நினைத்துப் பாருங்கள். அடியில் நின்று அளந்தால் மரம் 100 அடி. கடல் மட்டத்திலிருந்து அளந்தால் அதன் உச்சி 5,100 அடி. இரண்டு கணக்கும் சரிதான். அதைப் போலவே, படத்தில் மேலே உள்ள எண் கடல் மட்டத்திலிருந்து அளந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பது தரையிலிருந்து அளந்தது.

விமானத்தின் உயரமானி கடல் மட்டக் கணக்கையே காட்டும். அது 1,400 அடி காட்டுகிறது, வெளியே பனிமூட்டம். மாணவர் 900 என்ற எண்ணை மட்டும் பார்த்தால், "கோபுரத்துக்கு மேலே 500 அடியில் போகிறோம்" என்று நம்பிவிடுவார். உண்மையில் அவர் கோபுர உச்சிக்கு 100 அடி கீழே பறக்கிறார்! எண்ணில் பிழையில்லை, எங்கிருந்து அளந்தது என்று பார்க்காததே பிழை.

இன்னொன்று. படம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தில் பெரிய 2, அதன் பக்கத்தில் சிறிய 5 இருந்தால் 2,500 அடி என்று படிக்க வேண்டும். அக்கட்டத்திலுள்ள மலை, மரம், கோபுரம் அனைத்தையும் கணக்கிட்டுப் போட்ட எண் அது. பாதுகாப்பாகப் பறக்க அதற்கும் மேலே இடைவெளி விட வேண்டும். புதிய கோபுரங்கள் எழுவதால், 56 நாளுக்கு ஒரு முறை புதுப் படம் வெளியிடுகிறார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பூகோளப் படத்தை விரிக்கும்போது, முதலில் ஓரத்திலுள்ள குறி விளக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். எண் எதைக் கண்டாலும், "இது எங்கிருந்து அளந்தது?" என்று கேட்கப் பழக்குங்கள். வானத்தில் பறக்கப் போகிறவரும் அந்தக் கேள்வியில்தான் பாடத்தைத் தொடங்குகிறார்.