வாசலில் குடியிருந்தவர்கள்



பாப் எல்-மந்தப் நீரிணை என்ற பெயரை 2023 நவம்பருக்குப் பிறகு நீங்கள் செய்திகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் வழியை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. அந்தச் செய்தியை நாமும் படித்தோம், எங்கோ நடக்கிறது என்று அடுத்த பக்கம் புரட்டினோம். அந்த நீரிணைக்குக் காவல்போல் நிற்கும் ஏடன் துறைமுகத்தை ஆங்கிலேயர்கள் பிடித்தபோது உலகுக்குச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? சென்னையைச் சேர்ந்த ஒரு கப்பல். அந்தக் கதையைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் இடத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரபுத் தீபகற்பத்தின் தென்மேற்கு முனை ஏமன். எதிர்க்கரை ஆப்பிரிக்கா. இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் கடல். அதன் வாயில் பெரிம் என்று ஒரு தீவு. அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது. தீவுக்கு நேர் எதிரே அரபுக் கரையில் ஷேக் சயீத் என்னும் முனை. அங்கிருந்து கிழக்கே கடலோரமாகப் போனால், அணைந்துபோன எரிமலையின் வாய்க்குள் ஓர் ஊர். அதுதான் ஏடன். பருவக்காற்று எந்தத் திசையில் அடித்தாலும் கப்பல் ஒதுங்கி நிற்கத் தோதான துறை.

இந்த மண்மீது ஆசைப்பட்டவர்களின் வரிசை நீளமானது. 1513இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க் ஏடன் மதிலில் ஏணி சாத்தினார். வீரர்கள் ஏறிய பாரத்தில் ஏணிகள் முறிந்தன. முயற்சி தோற்றது. 1538இல் துருக்கிய சுல்தானின் தளபதி சுலைமான் பாஷா, போர்ச்சுகீசியரை விரட்ட இந்தியாவுக்குப் போகும் வழியில் ஏடனுக்கு வந்தார். ஊரின் ஆட்சியாளரைக் கப்பலுக்கு விருந்தாளியாக அழைத்துப் பாய்மரத்தில் தூக்கிலிட்டார். அந்தக் கதையை இன்று விரிக்க நேரமில்லை. நம் கதை 1837இல் தொடங்குகிறது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் ‘தரியா தௌலத்’ என்ற கப்பல் ஏடன் அருகே கரைதட்டி உடைந்தது. சென்னைக் கப்பல். கர்நாடக நவாப் குடும்பத்துக்கு உரியது. ஜித்தா நோக்கிப் போன ஹஜ் பயணிகள் அதில் இருந்தார்கள். கப்பலில் பறந்தது பிரிட்டிஷ் கொடி. கரையில் இருந்தவர்கள் சரக்கைக் கொள்ளையடித்தார்கள். உயிர் தப்பிக் கரையேறிய பயணிகளை, பெண்கள் உட்பட, மானபங்கப்படுத்தினார்கள். கொள்ளைப் பொருள் ஏடன் கடைவீதியில் பகிரங்கமாக விலைக்கு வந்தது. இது நடந்த அநியாயம். இதை மூடி மறைத்துப் பேசும் நோக்கம் எனக்கு இல்லை. யாத்திரை போன பெண்களுக்கு நேர்ந்த அந்தக் கொடுமைக்கு நியாயம் கேட்க வேண்டியதுதான்.

ஆனால் நியாயம் எப்படிக் கேட்டார்கள்? பம்பாய் அரசு கேப்டன் ஹெய்ன்ஸை அனுப்பியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை அதிகாரி. தென்அரபுக் கரையைப் பல ஆண்டுகள் அளந்து வரைபடம் போட்டவர். ஏடனின் ஆழமும் அகலமும் அவருக்கு அத்துப்படி. ஏடன் அப்போது அதன் அருகிலுள்ள லகேஜின் சுல்தான் முஹ்சின் பின் ஃபத்லின் கையில் இருந்தது. அவர் அப்தாலி குலத்தவர். ஹெய்ன்ஸ் 12,000 டாலர் நஷ்டஈடு கேட்டார். டாலர் என்றால் அந்தக் கரையெங்கும் செலாவணியில் இருந்த ஆஸ்திரிய வெள்ளி நாணயம். சுல்தான் 7,808 டாலர் மதிப்புள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்தார். மீதி 4,192 டாலருக்கு ஓராண்டுத் தவணையில் கடன்சீட்டு எழுதிக் கொடுத்தார். கூட்டிப் பாருங்கள், கணக்கு நேர். கேட்ட நஷ்டஈடு பைசா பாக்கியில்லாமல் ஒப்புக்கொள்ளப்பட்டது. வழக்கு அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஏனென்றால் ஹெய்ன்ஸ் வந்தது வேறொன்றுக்காகவும்தான். ஊரையே கேட்டார்.

எதற்காக? நிலக்கரிக்காக. 1830இல் ‘ஹியூ லிண்ட்சே’ என்ற நீராவிக் கப்பல் பம்பாயிலிருந்து சூயஸுக்குப் புறப்பட்டது. கரி வைக்கும் அறை போதாமல், கிடைத்த இடத்திலெல்லாம் கொட்டி நிரப்பிக்கொண்டு போனார்கள். அப்படியும் ஏடன் வந்து சேர்வதற்குள் கரி அநேகமாகத் தீர்ந்துவிட்டது. அன்றே பம்பாய்க்கு விளங்கிவிட்டது: நடுவழியில் கரிக் கிடங்கு இல்லாமல் இந்தத் தடம் ஓடாது. இன்னொரு பக்கம் எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மது அலி ஏமனின் செங்கடற்கரையைப் பிடித்து மோக்கா வரை வந்திருந்தார். அவருக்குப் பின்னால் பிரான்சின் ஆதரவு இருந்தது. அவர் இன்னும் தெற்கே வந்து ஏடனையும் எடுத்துக்கொண்டால் இந்தியாவுக்கான வழி பிரெஞ்சு நண்பரின் கைக்குப் போய்விடும் என்று லண்டன் அஞ்சியது. ஆக, ஒரு பக்கம் கரி, மறுபக்கம் போட்டி. இந்த இரண்டுக்கும் நடுவே நம் சென்னைப் பயணிகளின் கண்ணீர் ஒரு மனுவாகப் பயன்பட்டது. அந்தப் பெண்களின் பெயர்கூட அந்தக் கதையில் நிற்கவில்லை. ஹெய்ன்ஸின் பெயர் நின்றது.

1838 ஜனவரியில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பாருங்கள். சுல்தான் வயதானவர். எதிரே கடலில் பீரங்கிக் கப்பல். ஊரைக் கொடுத்துவிடுகிறேன், ஆண்டுக்கு 8,700 டாலர் தாருங்கள் என்று பேச்சு முடிந்து முத்திரையும் விழுந்தது. மகன் ஹாமித் ஒப்பவில்லை. விடைபெற வரும் ஹெய்ன்ஸை மடக்கி, முத்திரையிட்ட காகிதத்தைப் பிடுங்கிவிடத் திட்டமிட்டார். துப்புக் கிடைத்துவிட்டது. ஹெய்ன்ஸ் கரையிறங்காமல் பம்பாய்க்குப் பாய் விரித்தார். ஆங்கில நூல்கள் இதைத் துரோகம் என்று எழுதுகின்றன. என் தீர்ப்பு வேறு. தகப்பன் மிரட்டலுக்குப் பயந்து எழுதிக்கொடுத்த பூர்வீகப் பத்திரத்தை மகன் கிழிக்க நினைத்தால், நம் ஊரில் அவனைத் துரோகி என்று சொல்வோமா?

1839 ஜனவரி 19. ‘வோலேஜ்’, ‘குரூசர்’ என்ற இரண்டு போர்க்கப்பல்கள் ஏடனுக்கு முன்னால் உள்ள சீரா தீவின் மீது குண்டு பொழிந்தன. ஏறத்தாழ 700 பேர் கொண்ட படை கரையேறியது. அதில் பம்பாய் ஐரோப்பியப் படையும் இருந்தது, பம்பாயின் 24ஆம் சுதேசிக் காலாட்படையும் இருந்தது. சுதேசி என்றால் நம்மவர்கள். ஊரைக் காத்து நின்றவர்களில் சுமார் 150 பேர் செத்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். விக்டோரியா அரசியானபின் பிரிட்டிஷ் பேரரசு சேர்த்துக்கொண்ட முதல் நிலம் இது. அப்போது அந்த ஊரில் இருந்த மக்கள் ஹெய்ன்ஸின் கணக்குப்படி வெறும் 600 பேர். அரபுகள், யூதர்கள், சில சோமாலியர். கோட்டையில் சுலைமான் பாஷா காலத்துத் துருக்கிய வெண்கலப் பீரங்கி கிடைத்தது. இந்தியப் படையெடுப்புக்காக 16ஆம் நூற்றாண்டில் வார்த்தது. அதை லண்டன் கோபுரக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள்.

அப்தாலிகள் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வந்து மோதினார்கள். மறு ஆண்டு மே மாதம் வந்தார்கள். ஜூலையில் மறுபடியும் வந்தார்கள். மூன்று முறையும் தோற்றார்கள். பிறகு சுல்தானுக்கு மாதம் 541 டாலர் உதவித்தொகை. அந்தத் தொகையும், கோட்டைச் செலவும், சிப்பாய்ச் சம்பளமும் எங்கிருந்து போயின? இந்தியக் கஜானாவிலிருந்து. 1839 முதல் 1932 வரை ஏடனைப் பம்பாய் ஆண்டது. பிறகு 1937 வரை டெல்லி. நம் குடியானவன் கட்டிய நிலவரியின் ஒரு பங்கு அந்த எரிமலை வாயில் கரைந்தது என்பதை நாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

இனி பெரிம். 1799இல் நெப்போலியன் எகிப்தில் இருந்தபோது, அவன் இந்தியாவுக்கு வந்துவிடுவானோ என்ற கிலியில் பம்பாயிலிருந்து 300 பேரை அந்தத் தீவில் இறக்கினார்கள். தண்ணீருக்காகத் தோண்டித் தோண்டிப் பார்த்தார்கள். வரவில்லை. சில மாதங்களில் காலி செய்துவிட்டுப் போய்த் தங்கியது எங்கே? ஏடனில், அன்றைய லகேஜ் சுல்தானின் விருந்தாளிகளாக. நாற்பது வருஷம் கழித்து அதே குடும்பத்தின் வாசலில்தான் பீரங்கி வைத்தார்கள்.

1857இல் மறுபடியும் பெரிமைப் பிடித்தார்கள். இதைப் பற்றி ஒரு சுவையான கதை உலவுகிறது. தீவைப் பிடிக்கப் போன பிரெஞ்சு மாலுமிகளை ஏடன் அதிகாரி விருந்துக்கு அழைத்து, அவர்கள் குடித்துக்கொண்டிருந்தபோது ரகசியமாக ஆள் அனுப்பி முந்திக்கொண்டாராம். கதை கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். சூயஸில் கால்வாய் வெட்ட 1854இல் பிரெஞ்சுக்காரரான லெசெப்ஸுக்கு அனுமதி கிடைத்தபோதே பெரிமின் விலை ஏறிவிட்டது. கலங்கரை விளக்கம் வேண்டும் என்ற காரணம் காட்டி எடுத்துக்கொண்டார்கள். விருந்துக் கதை நம்மைச் சிரிக்க வைத்து, நடந்தது நிலப்பறிப்பு என்பதை மறக்கடிக்கிறது.

அதன்பிறகு ஏலக் கடை திறந்ததுபோல் ஆயிற்று. எதிர்க்கரையில் ஓபோக்கை 1862இல் பிரான்ஸ் வாங்கியது. 1868இல் மார்செய் நகர வணிகர்கள் ஷேக் சயீத் முனையை ஓர் உள்ளூர் ஷேக்கிடம் 80,000 வெள்ளி டாலருக்கு விலைபேசினார்கள். துருக்கி ஆட்சேபித்துப் படை அனுப்பியது. பிரான்ஸ் அங்கே கொடி நாட்டவும் இல்லை, உரிமையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. 1869இல் ஆப்பிரிக்கக் கரையின் அஸ்ஸாபை ஓர் இத்தாலியக் கப்பல் நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. கிழக்கே மஸ்கட்டில், 1898இல் பிரான்சுக்குக் கரிக் கிடங்கு வைக்க ஒரு குடாவைக் கொடுத்தார் சுல்தான் பைசல். மறு ஆண்டே ஆங்கிலக் கடற்படை வந்து அரண்மனையைத் தகர்ப்போம் என்றது. பத்திரம் ரத்து. அதே 1899இல் குவைத்தின் ஷேக் முபாரக்கோடு ரகசிய ஒப்பந்தம்: எங்களைக் கேட்காமல் எந்த அந்நியருக்கும் ஓர் அடி நிலம் தரக்கூடாது. கைம்மாறு 15,000 ரூபாய். ரூபாய் என்கிறேன், கவனியுங்கள்.

1914 மார்ச் 9ஆம் தேதி லண்டனில் ஆங்கிலேயரும் துருக்கியரும் உட்கார்ந்து ஏமனைக் கோடு போட்டுப் பிரித்தார்கள். பாப் எல்-மந்தப் கரையில் தொடங்கி, மலைகளின் ஊடே போய், பாலைவனத்தில் நேர்கோடாக இழுத்துவிட்டார்கள். ஏமன்காரர் ஒருவரும் அதில் கையெழுத்திடவில்லை. வடக்கு ஏமன், தெற்கு ஏமன் என்று 1990 வரை ஒரு சனம் இரண்டு நாடாக இருந்ததே, அதற்கு அடிக்கல் அந்தக் கோடு.

கையெழுத்து உலர்ந்த அதே ஆண்டில் இருவரும் எதிரிகளானார்கள். 1915 ஜூலையில் துருக்கியத் தளபதி அலி சயீத் பாஷா லகேஜ் மீது வந்தார். ஏடனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். லகேஜைக் காப்பாற்ற ஏடன் படை வெயிலில் மணலில் நடந்தது. தாகத்தில் வழியிலேயே சுருண்டு விழுந்தவர்கள் பலர். அந்த இரவில் ஊருக்குள் ஒரே குழப்பம். அன்றைய சுல்தான் அலி பின் அஹ்மத் ஆங்கிலேயரின் நண்பர். இருட்டில் குதிரைமீது வந்த அவரை எதிரி என்று நினைத்து, அவரைக் காக்க வந்த படையின் சிப்பாய்களே சுட்டார்கள். அவர்கள் இந்தியச் சிப்பாய்கள். சுல்தான் பிழைக்கவில்லை. சுட்டவனுக்கும் அது அந்நிய ஊர். யாருக்காகச் சாகிறோம், யாரைச் சுடுகிறோம் என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தப் பழி முழுவதையும் அவன் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தோட்டாவுக்குப் பணம் கொடுத்தது நம் நாடு என்பதை மறைக்கவும் மனம் வரவில்லை.

இவ்வளவையும் தொடங்கிவைத்த ஹெய்ன்ஸ் என்ன ஆனார்? 15 ஆண்டுகள் ஏடனை ஆண்டார். 600 பேர் இருந்த ஊரை 20,000 பேர் ஊராக்கினார். 1854இல் கஜானாவில் சுமார் 28,000 பவுன் குறைந்தது என்று பம்பாய்க்கு இழுத்துவந்தார்கள். கையாடல் செய்யவில்லை என்று ஜூரி விடுதலை செய்தது. ஆனாலும் கடனாளி என்று சொல்லி ஆறு ஆண்டுகள் சிறையில் வைத்தார்கள். 1860இல் வெளியே வந்த சில நாட்களில், பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற கப்பலிலேயே இறந்துபோனார். தான் ஊரைப் பிடித்துக்கொடுத்த அரசிடமிருந்து அவருக்குக்கூட நீதி கிடைக்கவில்லை என்றால், லகேஜ் சுல்தானுக்கு எங்கே கிடைக்கும்?

ஏடனைப் பிடித்து 128 ஆண்டுகளுக்குப் பிறகு, 1967 நவம்பர் 30 அன்று ஆங்கிலேயர் அதை விட்டுப் போனார்கள். பெரிம் ஏமனோடு சேர்ந்தது. ஏமன் மக்கள் போராடிப் பெற்ற நாள் அது.

கல்லூரிப் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. சென்னை மாகாண அரசின் கடிதக் கட்டுகள் அங்கே வரிசை வரிசையாக அடுக்கியிருக்கின்றன. பாரசீகமும் உருதுவும் படிப்பவர்கள் உங்களில் இருக்கிறீர்கள், வரலாறு படிப்பவர்கள் இருக்கிறீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். 1837ஆம் ஆண்டுக் கட்டை எடுத்துத் தரும்படி கேளுங்கள். தரியா தௌலத் கப்பலில் போனவர்கள் யார், எந்தெந்த ஊர்க்காரர்கள், திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர், அந்த 12,000 டாலரில் அவர்கள் கைக்கு என்ன வந்து சேர்ந்தது என்று தேடுங்கள். கிடைப்பதைத் தமிழில் எழுதிக் கொண்டு வாருங்கள். இதே மேடையில் நீங்கள் பேசுங்கள், நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.