படமும் பாடமும்



மதுரையைச் சூழ்ந்த சமவெளியில், புன்செய் நிலத்தில் உழைத்து முதுமை எய்தியோருள் கண்புரையால் பார்வை மங்கியோர் பலர். இத்தகையோருக்குப் பார்வை அளிக்கவே 1976ஆம் ஆண்டில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு இந்நகரில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று பிற நாட்டு மருத்துவர்களும் அங்கு வந்து பயில்கின்றனர்.

கண் அறுவையைக் கற்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. விழியோ சிறியது, மருத்துவர் நோக்கும் நுண்ணோக்கியைப் பத்துப்பேர் சூழ்ந்து நின்று பார்த்தல் இயலாது. ஆகவே அந்நோக்கியிலேயே காமிராவைப் பொருத்திப் படமெடுத்து மாணவர்க்குக் காட்டுவது கண் மருத்துவக் கல்வியில் வழக்கமாயிற்று.

அத்தகைய படமொன்றை ஒரு பயிற்சிக்கூடத்திற்காக ஒழுங்குபடுத்தும் பணி எனக்கு ஒருமுறை வாய்த்தது. வண்ண அம்புகள், ஓடும் எழுத்துகள், பின்னணி இசை யாவும் சேர்த்துப் பெருமிதத்தோடு திரையிட்டேன். முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இதில் மூக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் நாணி நின்றேன்.

கேள்வி சிறிது, பொருள் பெரிது. பாடநூற் படத்தில் நோயாளி நம்மை எதிர்நோக்கி இருக்கிறார். அவருடைய வலக்கண்ணின் மூக்குப்புறம் நமக்கு வலப்பக்கம். அறுவை மருத்துவரோ பல வேளைகளில் நோயாளியின் தலைமாட்டில் அமர்கிறார். அவர் காணும் காட்சியில் அதே மூக்குப்புறம் இடப்பக்கம், புருவமோ கீழே. திசை அறியாத மாணவர் கீறலிடும் இடத்தைத் தலைகீழாக மனத்திற் கொள்வார். அதன் விலை ஒருவரது பார்வை அன்றோ?

படத்தைத் திருத்தினேன். ஓரத்தில் 'மூக்கு', 'புருவம்' என்னும் இரண்டு சொற்கள் நிலையாக நின்றன. இசை போயிற்று. வாயாற் சொன்னதையே எழுத்தாலும் ஓட்டுவதை விட்டேன். கண் எழுத்தைப் படிக்கும் நேரத்திற்குள் கத்தி நகர்ந்துவிடுகிறது. 1543இல் வெசேலியஸ் தம் உடற்கூற்று நூலின் படங்களில் எழுத்துக்குறிகள் இட்டு, விளக்கத்தைத் தனியே தந்தார். நூல் காத்திருக்கும், ஓடும் படம் காத்திராது. ஆதலின் உறுப்பின் பெயர் அதன் அருகிலேயே, அது பேசப்படும் கணத்திலேயே தோன்றுதல் வேண்டும்.

மறுமுறை அப்படத்தைக் கண்ட அம்மாணவி கேள்வி ஏதும் கேட்கவில்லை; கீறலிடும் இடத்தைத் திரையில் விரலால் தொட்டுக் காட்டினார். கல்விப் படம் ஆக்கப் புகும் இளைஞர்களே, எதைச் சேர்க்கலாம் என்று எண்ணுமுன், காண்பவர் எங்கே நிற்கிறார் என்று கேளுங்கள்.