எழுத்துக்குக் கப்பம் எதற்கு?

(மடத்துக்குளத்தில் பனியன் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

சம்பள பாக்கிக்கு மனு எழுத வேண்டும். சங்கத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் எழுதுகிற மென்பொருளுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டு என்கிறான் முதலாளி. கட்ட முடியாதவர் திருட்டுப் பிரதியை நாடுகிறார். வைரஸும் கூடவே வருகிறது. இரண்டும் நமக்கு வேண்டாம்!

2010-ல் தொடங்கிய லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. பல நாட்டவர் கூடி உழைத்து உருவாக்கியது. விலை இல்லை. தமிழில் எழுதலாம், கணக்கும் போடலாம். பக்கத்துச் சங்கத்துக்கு நகல் கொடுத்தாலும் குற்றமில்லை!

இது நடக்குமா என்று சிலர் கேட்கலாம். மலைக்கு அப்பால் கேரளத்தைப் பாருங்கள்! அங்கே பள்ளிகளின் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குச் சுதந்திர மென்பொருள் என்று 2019-ல் அறிவித்தார்கள். லிப்ரே ஆபீஸும் அதில் அடக்கம்.

சங்கடமும் உண்டு, மறைக்கவில்லை. பழைய கோப்பைத் திறந்தால் கட்டங்கள் சற்று இடம் மாறலாம். ஆகவே மனுவை பி.டி.எப். ஆக்கி அனுப்புங்கள், வரி கலையாது.

தோழர்களே! சங்கத்தின் பணம் தொழிலாளியின் வியர்வை. அது வழக்குச் செலவுக்குப் போகட்டும். எழுத்துக்குக் கப்பமாகப் போக வேண்டாம்!