ஆற்றல் உண்டு; முயற்சி இல்லை



பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் முன்னேற்ற அறிக்கைகளில் ஆசிரியர்கள் எழுதும் குறிப்புகளுள் ஒன்று நம் எல்லோருக்கும் பழகிப்போனது. ‘ஆற்றல் உண்டு, முயற்சி இல்லை’ என்பதே அது. அதைப் படிக்கும் தந்தையார் பாதி மகிழ்கிறார், பாதி வருந்துகிறார். மகனோ முற்பகுதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு பிற்பகுதியை மறந்துவிடுகிறான். பல ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியனாக இருந்த நான், அந்தக் குறிப்பை எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். அது எவ்வளவு குறைபாடுடைய குறிப்பு என்பதை எனக்குக் கற்பித்தவன் ஒரு மாணவன். அவனைப் பற்றியும், அவனிடம் நான் கற்ற பாடத்தைப் பற்றியுமே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அவன் அப்போது பத்தாம் வகுப்பில் படித்தான். கரும்பலகையில் நான் எழுதும் கணக்கை மற்றவர்கள் ஏட்டில் பெயர்த்து எழுதுமுன்பே, மனத்தால் போட்டு விடை சொல்லிவிடுவான். ஆனால், வீட்டுக் கணக்கைச் செய்து வரும் வழக்கம் அவனிடம் இல்லை. ஏடு எங்கே என்று கேட்டால், மறந்துவிட்டேன் என்பான். எழுதினாயா என்று கேட்டால், தலைகுனிந்து நிற்பான். நான் கடிந்து பார்த்தேன். இன்சொல் கூறிப் பார்த்தேன். எல்லாவற்றினும் மிகுதியாகச் செய்தது ஒன்று உண்டு. ‘உன் மூளைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? நீ மட்டும் மனம் வைத்தால் இந்த வகுப்பில் முதல்வன் நீதான்’ என்று வகுப்பு அறியப் புகழ்ந்தேன். புகழ்ந்தால் ஊக்கம் பிறக்கும் என்று நம்பினேன். ஆனால், அரையாண்டுத் தேர்வில் அவன் நூற்றுக்கு 38 மதிப்பெண்ணே பெற்றான்.

விடைத்தாளைக் கொடுத்தபோது என்னால் சினத்தை அடக்க முடியவில்லை. ‘உனக்கு வெட்கமாக இல்லையா?’ என்று கேட்டேன். ‘கணித மேதை இராமானுஜனும் தேர்வில் தோற்றவர்தாமே, ஐயா?’ என்றான் அவன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்தான். எனக்குத்தான் மறுமொழி தோன்றவில்லை.

அன்று மாலை பள்ளி விட்டபின் அவனை இருக்கச் சொன்னேன். ‘தம்பி, நான் உன்னைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. நீ ஏன் வீட்டில் ஏட்டைத் திறப்பதில்லை? அதை மட்டும் சொல்’ என்றேன். நெடுநேரம் அவன் வாய் திறக்கவில்லை. பிறகு, தரையைப் பார்த்தபடியே சொன்னான்: ‘படிக்காமல் 38 வாங்கினால் சோம்பேறி என்பீர்கள், ஐயா. படித்தும் 38 வாங்கினால் என்ன சொல்வீர்கள்?’

அந்த ஒரு கேள்வி என் கண்ணைத் திறந்தது. அவனிடம் இருந்தது சோம்பல் அன்று, அச்சம். சோம்பேறி என்னும் பெயரை அவனால் சுமக்க முடிந்தது. ஆற்றல் இல்லாதவன் என்னும் பெயரை அவனால் சுமக்க முடியாது. முயலாமல் இருக்கும்வரை, ‘மனம் வைத்தால் முடியும்’ என்ற பெருமை அவனுக்கு எஞ்சி நிற்கும். முயன்று தோற்றுவிட்டாலோ அந்தப் பெருமையும் போய்விடும். அவன் தன் ஆற்றலைச் செலவிட அஞ்சிப் பெட்டியில் பூட்டிவைத்திருந்தான். அந்தப் பெட்டிக்குப் பூட்டுச் செய்து கொடுத்தவன் வேறு யாரும் அல்லன். நாள்தோறும் அவன் மூளையைப் புகழ்ந்த நானேதான்.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மியூல்லர், டுவெக் என்னும் உளநூல் அறிஞர் இருவர் 1998-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்தனர். அவற்றைச் செய்து முடித்தபின் ஒரு சாராரை ‘நீ அறிவாளி’ என்று பாராட்டினர். மற்றொரு சாராரை ‘நீ நன்றாக உழைத்தாய்’ என்று பாராட்டினர். அடுத்து எவ்வகைப் பணி வேண்டும் என்று கேட்டபோது, அறிவாளி என்று புகழப்பட்டோரில் பெரும்பாலோர் தங்கள் திறமையை எளிதாகக் காட்டக்கூடிய பணியையே விரும்பினர். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர், கடினமாயினும் புதியது கற்கக்கூடிய பணியை விரும்பினர். பிறகு எல்லோருக்கும் கடும்புதிர்களைக் கொடுத்துத் தோல்வியைச் சுவைக்கச் செய்து, மீண்டும் முதலில் கொடுத்தவை போன்ற எளிய புதிர்களைக் கொடுத்தனர். அறிவாளிகள் என்று பெயர் பெற்றோர் முன்னிலும் குறைவாகவே செய்தனர். உழைப்பாளிகள் என்று பெயர் பெற்றோர் முன்னிலும் நன்றாகச் செய்தனர். என் வகுப்பில் நான் கண்டதும் இதுவே அன்றோ?

இனி, அந்த மாணவன் எடுத்துக்காட்டிய இராமானுஜனுக்கு வருவோம். அவர் தேர்வில் தோற்றார் என்பது உண்மையே. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கணக்கு ஒன்றிலேயே மனம் தோய்ந்து, ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, எப்.ஏ. தேர்வில் 1906-ஆம் ஆண்டிலும் 1907-ஆம் ஆண்டிலும் தவறினார். இவ்வளவையும் அறிந்தவர்கள் மற்றொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். பள்ளி மாணவராக இருந்தபோதே, கார் என்பவர் தொகுத்த நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 5,000 கணித முடிபுகள், பெரும்பாலும் நிறுவும் முறை கூறப்படாமலே, அதில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தாமே நிறுவும் முயற்சியில் அவர் இறங்கினார். தாள் வாங்கப் பொருள் இல்லாமையால் சிலேட்டில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மீண்டும் எழுதுவார். முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் பதிந்து வைத்தார். உழைக்காமல் தோற்றவர் அல்லர் அவர். ஒன்றில் அளவு கடந்து உழைத்தமையால் மற்றவற்றில் தோற்றவர். அந்தத் தோல்விக்கும் அவர் விலை கொடுக்காமல் இல்லை. பட்டம் இல்லாமல் வேலை தேடி அலைந்து, 1912-ஆம் ஆண்டில்தான் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். அவருடைய தோல்வியை நாம் கடன் வாங்க விரும்பினால், அந்தச் சிலேட்டையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

மறுநாள் மாலை இதனை அவனிடம் சொன்னேன். பிறகு அவனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். ‘வீட்டுக் கணக்கு முழுவதையும் நீ செய்ய வேண்டாம். நாளுக்கு ஒரு கணக்குப் போதும். ஆனால், அது உனக்கு வராத கணக்காக இருக்க வேண்டும். எந்த இடத்தில் வழி அடைபட்டதோ அதுவரை எழுதிக்கொண்டு வா. அதற்கு மதிப்பெண் இல்லை, புகழும் இல்லை, வசையும் இல்லை’ என்றேன்.

முதல் மூன்று நாள் அவன் ஒன்றும் கொண்டுவரவில்லை. நான்காம் நாள், வடிவக் கணக்கு ஒன்றை நான்கு வரி எழுதி நிறுத்தியிருந்தான். அந்த நான்கு வரியைப் பார்த்தபோதுதான் மற்றோர் உண்மை விளங்கியது. எட்டாம் வகுப்புவரை காதால் கேட்டே கற்றுவிடக்கூடிய கணக்குகளே அவனுக்கு வாய்த்திருந்தன. படிப்படியாக எழுதி நிறுவ வேண்டிய கணக்குகள் வந்தபோது, கை பழகாதவனாய் நின்றான். தன் கைக்குப் பழக்கம் இல்லை என்று அவன் எண்ணவில்லை. தன் அறிவு தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிட்டான். உங்களில் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள் என்று நான் ஐயுறுகிறேன்.

ஒப்பந்தம் தொடர்ந்தது. சில நாள் கொண்டுவருவான். சில நாள் வெறுங்கையோடு வருவான். கோடைக்கு முன் ஒரு நாள், கேளாமலே மூன்று கணக்குகளைக் கொண்டுவந்து நீட்டினான். ஆண்டு இறுதித் தேர்வில் அவன் முதல்வனாக வரவில்லை. 71 மதிப்பெண் பெற்றான். ஆனால், தேர்வு முடிந்த அன்றே வினாத்தாளோடு என்னைத் தேடி வந்தான். ‘இந்தக் கணக்கில் இங்கே பிழை செய்துவிட்டேன், ஐயா’ என்று தானே சுட்டிக்காட்டினான். தன் பிழையைப் பிறர் முன் எடுத்து வைக்க அவன் அஞ்சவில்லை. அந்த 71-ஐ விட அதுவே எனக்குப் பெரிதாகப் பட்டது.

மாணவ நண்பர்களே, ஊக்கம் வரட்டும், பிறகு உழைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பல வேளைகளில் உழைப்பு முன்னே செல்கிறது. ஊக்கம் அதன் பின்னே வருகிறது. இன்று இரவு ஏதேனும் ஒரு பாடத்தில், உங்களுக்கு வராத ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் அதனோடு போராடுங்கள். தவறாக எழுதினாலும் எழுதுங்கள். நாளை அந்தத் தாளை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். வள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். முயற்சியைப் பற்றி அவர் அத்தனை குறள் பாடியது ஆற்றல் அற்றவர்களுக்காக மட்டும் அன்று, ஆற்றல் உடையவர்களுக்காகவும்தான்.

நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். அந்த ஆண்டுக்குப் பிறகு, ‘ஆற்றல் உண்டு, முயற்சி இல்லை’ என்று எந்த மாணவனின் அறிக்கையிலும் எழுதவில்லை. அந்த இடத்தில், அவன் அடுத்துச் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை மட்டும் எழுதலானேன்.