எந்த 26?

புனேயைச் சைக்கிள் நகரம் என்று சொன்ன காலம் உண்டு. அங்கே பிம்ப்ரியில் ஒரு சைக்கிள் கடையில், "26 டயர் ஒண்ணு" என்று கேட்டேன். கடைக்காரர் இந்தியில் திருப்பிக் கேட்டார்: "எந்த 26?"

நியாயம்தான். லேடீஸ் சைக்கிளில் வரும் 26 × 1 3/8 டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். மலையேறும் கியர் சைக்கிளின் 26 × 1.75-க்கு 559தான். அந்த 1.75-ஐயே ஒன்றேமுக்கால் என்று பின்னமாக எழுதினால் 571! கணக்கு வாத்தியார் கேட்டால் பிரம்பைத் தேடுவார். இன்னொரு கூத்து: 27 அங்குல டயருக்கு 630, 29 அங்குலத்துக்கு 622.

அந்த அங்குலம் ரிம்மை அளந்து வைத்ததல்ல; காற்றடித்த டயரின் வெளிவிட்டம், அதுவும் உத்தேசமாக. டயரின் பருமன் மாறிக்கொண்டே போனது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

கடைக்காரர் என் பழைய டயரை வாங்கினார். பக்கவாட்டில் அப்பியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் தேய்த்தார். பொடி எழுத்தில் 37-590. அகலம் 37, ரிம் 590.

"இதைச் சொல்லியிருக்கலாமே" என்றபடி மேலே கொக்கியில் தொங்கிய டயரை இறக்கினார்.